செட்டிநாட்டுப் படங்களை வண்ணத்தில் மாட்டுங்கள்

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்து வீடுகளில் புகைப்படக் கண்காட்சி நடத்தும் அமைப்பாளர்களுக்கும் தேர்வுக் குழுவினருக்கும்,

வணக்கம். பூட்டிக் கிடக்கும் வீடுகளைத் திறந்து, பெருக்கி, படம் மாட்டி, ஊர்க்காரர்களையும் உள்ளே கூப்பிடுகிறீர்கள். அதற்கு மனமார்ந்த நன்றி. ஆனால் இந்த ஊரைப் பற்றிய படங்களைப் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையிலோ பழுப்பேற்றியோதான் மாட்டுகிறீர்கள். பழமை தெரியும் என்பது காரணமாகச் சொல்லப்படுகிறது. அதை என்னால் ஏற்க முடியவில்லை.

நம் வீட்டுத் தரைகளில் பதித்திருக்கும் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி மேல் அச்சை வைத்து, ஆக்சைடு கலந்த சிமென்ட் குழம்பைக் கட்டம் கட்டமாகக் கையால் ஊற்றுகிறார்கள். மேலே மணலும் சிமென்டும் போட்டு நிரப்பி, இறுகியபின் தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடுகிறார்கள். சூளை கிடையாது. அந்தப் பூவில் சிவப்பும் பச்சையும் ஒரே அளவு அடர்த்தியாக இருந்தால், கறுப்பு வெள்ளைப் படத்தில் இரண்டும் ஒரே சாம்பலாகிவிடும். பூவும் தெரியாது, ஊற்றிய கையின் வேலையும் தெரியாது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற, கட்டம் போட்ட நம் கண்டாங்கிச் சேலைக்கும் இதே கதிதான். அரக்கும் கறுப்பும் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் அது எந்த ஊர்க் கட்டம் என்று யார் சொல்வது?

செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. வீடுகள் இடிபட்டுக்கொண்டும் இருக்கின்றன. எது பழைய சுண்ணாம்புப் பூச்சு, எது பின்னால் அடித்த எனாமல் என்பதை நாளைக்கு இந்தப் படங்களை வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும். அதற்கு நிறம் வேண்டும்.

வண்ணப் படம் கலையாகாது என்ற எண்ணம் உலகத்திலேயே பழையதாகிவிட்டது. 1976இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அமெரிக்கப் புகைப்படக்காரர் வில்லியம் எக்கிள்ஸ்டனின் வண்ணப் படங்களை மாட்டியபோது விமரிசகர்கள் பலர் கடுமையாகத் திட்டினார்கள். இன்று அதையே ஒரு திருப்புமுனை என்கிறார்கள். நம் நாட்டில் புகைப்படக்காரர் ரகுபீர் சிங் வாழ்நாளெல்லாம் வண்ணத்தில்தான் வேலை செய்தார். அவ்வளவு தூரம் போவானேன்? நம் வீட்டு வளவுகளில் மாட்டியிருக்கும் ஐயா, அப்பத்தா படங்கள் சிலவற்றைக் கிட்டப்போய்ப் பாருங்கள். கறுப்பு வெள்ளையில் எடுத்து, சேலைக் கரைக்கும் நகைக்கும் உதட்டுக்கும் ஸ்டுடியோக்காரர் தூரிகையால் வண்ணம் தீட்டியிருப்பார்.

கணினியில் நிறத்தை ஏற்றி, சாந்து நிறச் சுவரை ஆரஞ்சாக்கும் படங்களையும் நான் கேட்கவில்லை. அதுவும் பொய்தான்.

இனி மாட்டும் முறை. இதில்தான் அதிகம் கெடுகிறது. வண்ணக் கண்ணாடி பதித்த சன்னலுக்கு எதிரே படத்தை மாட்டினால், வெயில் ஏற ஏறப் படத்தின்மேல் பச்சையும் நீலமும் நகரும். வெள்ளைத் துணி கட்டி மறையுங்கள். முற்றத்து வெயில் நேரே விழும் இடத்தில் வண்ண அச்சைத் தொங்கவிட வேண்டாம், வெளுத்துவிடும். அடர்நீலச் சுவரில் மாட்டினால் படத்தின் மஞ்சள் உள்ளதைவிடத் தூக்கலாகத் தெரியும். பின்னால் வெளிர்சாம்பல் பலகை வைத்தால் போதும். மலிவான எல்இடி விளக்கில் சிவப்பு செத்துப்போகும். நிறம் காட்டும் திறனைக் குறிக்கும் சிஆர்ஐ எண் 90க்கு மேல் இருக்கும் விளக்கை வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடும்தான். அழைப்பிதழை ஆர்ட் பேப்பரில் அடிக்காமல் அந்தக் காசை விளக்கில் போடலாம்.

படம் அனுப்புபவர்களிடம், நிறம் சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் நிற அட்டையை வைத்து அதே வெளிச்சத்தில் எடுத்த இன்னொரு படத்தையும் கேளுங்கள். கறுப்பு வெள்ளையில் அனுப்பினால் ஏன் அப்படி என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். சரியான காரணம் இருந்தால் தாராளமாக மாட்டுங்கள். சோதனை அச்சு பார்க்கும் நாளில் ஆத்தங்குடிப் பட்டறைக்காரர் ஒருவரையும் கண்டாங்கி நெய்பவர் ஒருவரையும் அழைத்து உட்காரவைத்து, அவர்கள் சரி என்று சொன்ன பிறகு பெரிய அச்சுக்குக் கொடுங்கள்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து உங்கள் கண்காட்சிகளைத் தவறாமல் பார்க்கும் ஒருவர்