ராணுவத் தேர்வு: குவியாடி குவிக்காது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கம்மவான்பேட்டை போல, பட்டாளத்துக்கு ஆள் அனுப்பியே பெயர் வாங்கிய ஊர்கள் வேலூர் வட்டாரத்தில் உண்டு. இங்கே பையன்கள் 1.6 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு மாதக்கணக்கில் மூச்சைப் பழக்குகிறார்கள். அறிவியலுக்கோ கடைசி வாரத்தில் ஒரு வினா-விடை கைடு, அவ்வளவுதான். ஆனால் அக்னிவீர் பொதுப்பணிக்கு எழுத்துத் தேர்வில் தேறினால்தான் ஓடவே கூப்பிடுவார்கள். அதில் 50 கேள்விகளில் 15 பொது அறிவியல். 100 மதிப்பெண்ணில் 30.

‘நிலவில் எடை ஆறில் ஒரு பங்கு’ என்று கைடில் ஒரு வரி இருக்கும். 60 கிலோ ஆளின் நிறை நிலவில் எவ்வளவு என்று கேள்வி வந்தால், அந்த வரியை நம்பி 10 கிலோ என்று குறித்துவிடுகிறார்கள். நிறை என்பது உடலில் உள்ள பொருளின் அளவு; எங்கே போனாலும் அது 60 கிலோதான். எடை என்பது அதை ஈர்ப்பு இழுக்கும் விசை; அதுதான் 588 நியூட்டனிலிருந்து ஏறக்குறைய 98 நியூட்டனாக இறங்கும். மளிகைக் கடையில் எடையைக் கிலோவில் கேட்டே பழகிய நாக்கு செய்கிற வேலை இது.

தமிழ்வழியில் படித்தவர்களை அதிகம் கவிழ்ப்பது ‘குவி’ என்ற சொல். குவிலென்சு ஒளியைக் குவிக்கும், குவியாடி விரிக்கும். குழி என்றால் இரண்டும் தலைகீழ்: குழியாடி குவிக்கும், குழிலென்சு விரிக்கும். ஒரு எவர்சில்வர் கரண்டி போதும். உட்பக்கம் குழியாடி, முகம் தலைகீழாகத் தெரியும். பின்பக்கம் குவியாடி, முகம் நேராக, சிறிதாகத் தெரியும். சிறிதாகத் தெரிவதால்தான் அதிகப் பரப்பு அடங்குகிறது; பஸ் டிரைவரின் பக்கவாட்டுக் கண்ணாடி குவியாடியாக இருப்பது அதற்காகத்தான். கிட்டப்பார்வைக்குக் குழிலென்சு, தூரப்பார்வைக்குக் குவிலென்சு.

மின்சாரத்தில் கிலோவாட்டையும் கிலோவாட் மணியையும் குழப்புகிறார்கள். முன்னது திறன், பின்னது ஆற்றல். 1,000 வாட் அயர்ன்பாக்ஸ் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட், அதாவது 36 லட்சம் ஜூல். வைட்டமின் குறைபாட்டு நோய்களை மட்டும் மனப்பாடம் செய்வதில் தப்பில்லை. அதற்கு வேறு வழியும் கிடையாது.

‘நெகட்டிவ் மார்க், தெரியாததைத் தொடாதே’ என்று சொல்லித் தருவதும் அரைகுறைதான். சரிக்கு 2, தப்புக்கு அரை மதிப்பெண் குறையும். நான்கு விடைகளில் இரண்டு நிச்சயம் தப்பு என்று தெரிந்து, மிச்ச இரண்டில் ஒன்றைக் குறித்தால், இப்படி நான்கு கேள்விகளில் சராசரியாக இரண்டு சரியாகும்: 4 வந்து 1 போகும். மிச்சம் 3. அந்த இரண்டைக் கழிக்கத்தான் பாடம் தெரிய வேண்டும்.

ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான அறிவியல் பாடநூல்களை முழுத் தொகுப்பாக ஊர்ப்புற நூலகங்களில் வைக்க அதிகாரிகள் ஏற்பாடு செய்ய வேண்டும். தங்கள் மாணவர் பக்கத்திலும் வாரம் ஒரு பாடத்தை, ‘ஏன்’ என்ற கேள்வியோடு வெளியிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்கள்,
காட்பாடி.