சயாம் மரண ரயில் தடத்தில் மிதிவண்டிப் பயணம் ஏற்பாடு செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

மலேசியா, சிங்கப்பூர், தமிழ்நாடு ஆகிய இடங்களிலிருந்து தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குக் கிரேவல் (மண், சரளைப் பாதை) பயணங்களை நடத்தும் மிதிவண்டிக் குழுக்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

மழை ஓய்ந்து சேறு காய்ந்த பிறகு, கார்த்திகையிலிருந்து தை வரையிலான நாள்களில் காஞ்சனபுரியின் செம்மண் பாதைகளில் மிதிவண்டி ஓட்டுவதைப் போன்ற சுகம் வேறு எங்கும் எனக்குக் கிடைத்ததில்லை. இருபுறமும் கரும்பும் மரவள்ளியும் நிற்க, சுண்ணாம்புக்கல் மலைகளை நோக்கி நீளும் அந்தப் பாதைகளை நானும் உங்களைப் போலவே விரும்புகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மடலைப் பயணங்களுக்கு எதிரான குரலாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்த என் தாத்தாவின் அண்ணன் 1943இல் இந்த ரயில் பாதை வேலைக்காகச் சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்குப் போனார், திரும்பவில்லை. அவர் எங்கே இறந்தார், எந்த மாதம் இறந்தார் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆகவே திதி கொடுக்கும் நாளைக்கூட ஆடி அமாவாசை என்று பொதுவாக வைத்துக்கொண்டார்கள்.

நான் பார்த்த வழித்தடத் திட்டங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கின்றன. குவாய் ஆற்றுப் பாலத்தில் படம் எடுத்துக்கொள்வது, டோன் ராக் போர்க் கல்லறையில் சற்று நிற்பது, பிறகு நெடுஞ்சாலை 323ஐ ஒட்டி மேற்கே ஏறி, ரயில் பாதைக்காகப் பாறையை வெட்டித் திறந்த ஹெல்ஃபயர் பாஸ் கணவாயில் முடிப்பது. இவை பார்க்க வேண்டிய இடங்களே. ஆனால் இந்த மூன்றோடு திரும்பிவிடுகிற பயணி, அந்த ரயில் பாதையில் செத்தவர்களில் பெரும்பகுதியினரைச் சந்திக்காமலே திரும்புகிறார். தமிழர்களாகிய நாம் நடத்தும் பயணங்களிலும் இப்படி நடப்பதுதான் என்னை எழுத வைத்தது.

கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மலாக்கா நீரிணை வழியான கடல்பாதை நேச நாடுகளின் நீர்மூழ்கிகளுக்கு இலக்காகிவிட்டதால், பர்மாவிலிருந்த தன் படைக்குத் தரைவழியாகச் சரக்கு அனுப்ப ஜப்பானிய ராணுவம் இந்தப் பாதையை அமைத்தது. தாய்லாந்தின் நோங் பிளாதுக் முதல் பர்மாவின் தன்பியூசயாத் வரை சுமார் 415 கிலோமீட்டர். 1942இன் நடுப்பகுதியில் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க் கைதிகள் இதில் உழைத்தார்கள். அவர்களில் 12,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள். பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், தமிழர் என்று திரட்டப்பட்ட ஆசியத் தொழிலாளர்களின் எண்ணிக்கை இதைப்போல மூன்று மடங்காவது இருக்கும். அவர்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 பேர் என்பது வரலாற்றாய்வாளர்கள் பலரும் எடுத்தாளும் மதிப்பீடு. மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் மிகப் பெரிய கூட்டம் தோட்டத்துத் தமிழர்கள்.

கைதிகளுக்குப் பெயர்ப்பட்டியல் இருந்தது, அதிகாரிகள் இருந்தார்கள், மருந்து இல்லாவிட்டாலும் மருத்துவர்களாவது இருந்தார்கள். ஹின்டோக் முகாமில் ஆஸ்திரேலிய மருத்துவர் எட்வர்ட் டன்லப் செய்த பணியை இன்றும் அவர் நாட்டவர் போற்றுகிறார்கள். தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்கு இவை ஒன்றும் இல்லை. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளிச் சம்பளம் என்று ஆசை காட்டப்பட்டவர்கள் சிலர். இலவசமாகப் படம் காட்டுவதாகக் கூட்டி, வாசலை அடைத்து ஏற்றிச் செல்லப்பட்டவர்கள் சிலர். மூடிய சரக்கு ரயில் பெட்டிகளில் தாய்லாந்தின் பான் போங் வரை வந்து, அங்கிருந்து காட்டுக்குள் நடத்தப்பட்டார்கள். 1943இன் மழைக்காலத்தில் காலரா பரவியபோது, கொதிக்கவைத்த தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும் என்று எடுத்துச் சொல்லவும் ஆளில்லாத முகாம்களில் அவர்கள் கும்பல் கும்பலாக மடிந்தார்கள். போர் முடிந்ததும் கைதிகளின் கல்லறைகள் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டு, காஞ்சனபுரி (டோன் ராக்), சுங்கை, தன்பியூசயாத் ஆகிய மூன்று இடங்களில் ஒழுங்காக அமைக்கப்பட்டன. டோன் ராக்கில் மட்டும் ஏறத்தாழ 7,000 பேர், பெரும்பாலும் பெயரோடும் வயதோடும் கிடக்கிறார்கள். தொழிலாளிகளைத் தேடி அப்படி எவரும் வரவில்லை.

இங்கேதான் நம்முடைய வண்டிக்கு ஒரு வேலை இருக்கிறது. தார்ச்சாலையில் பேருந்தில் வருகிறவருக்கு அமைக்கப்பட்ட நினைவிடங்கள் மட்டுமே தெரியும். நாற்பது, ஐம்பது மில்லிமீட்டர் அகல டயரோடு வருகிற நமக்கோ, பழைய தடம் வயலுக்குள் புகுந்து, மூங்கிற்காட்டுக்குள் மறைந்து, மறுபடி ஒரு மண்மேடாக எழுவதைப் பின்தொடர முடிகிறது. நீராவி எஞ்சின் செங்குத்தான ஏற்றம் ஏறாது. அதனால்தான் மேட்டை வெட்டியும் பள்ளத்தில் மரப்பாலம் கட்டியும் தடத்தைச் சமன்படுத்தினார்கள். மலைப்பகுதிக்குள் போகிறோம் என்பதே தெரியாமல் பெடல் இலகுவாகச் சுற்றுகிற இடத்தில் எல்லாம், நம் காலுக்கு மிச்சமான நோவை வேறு எவரோ மண்வெட்டியாலும் கூடையாலும் முன்கூட்டியே பட்டுத் தீர்த்திருக்கிறார்கள். இதை உங்கள் பயணிகளுக்குக் காலையில் புறப்படும்போதே சொல்லுங்கள். மாலையில் சாப்பாட்டு மேசையில் சொன்னால் ஏறாது.

ஹெல்ஃபயர் கணவாயில் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு நடந்தே போகச் சொல்லுங்கள். அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் கைதிகள். ஒருவர் எஃகுத் துளைக்கம்பியைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்க, இன்னொருவர் சம்மட்டியால் அடிக்க, அங்குலம் அங்குலமாகத் துளை இறங்கும்; அதில் வெடிமருந்து வைத்துப் பாறையை உடைத்து, உடைந்ததைக் கையால் அள்ளிக் கொட்டினார்கள். பாறைச்சுவரில் பாதி பிளந்த அந்தத் துளைகள் இன்னும் நீள்கோடுகளாக நிற்கின்றன. போன தை மாதம் அவற்றில் ஒன்றில் என் கட்டைவிரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்துப் பார்த்தேன். உள்பக்கம் வழவழப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை, ஒவ்வோர் அடிக்கும் ஒரு சிறு படி போல விரலில் தட்டியது. அதை எண்ணத் தொடங்கி, முழங்கை உயரம் வருவதற்குள் கணக்குத் தவறி விட்டுவிட்டேன். அந்த இடத்தில் எவராவது ஸ்ட்ராவா என்ற பயணப் பதிவுச் செயலியில் வேகப் போட்டிக்கான பகுதி ஒன்றை உருவாக்கி வைத்திருந்தால், உங்கள் குழுவினர் அதில் சேர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ‘மரண ரயில் சவால்’ என்பது போன்ற பெயர்களையும் பதக்கங்களையும் தயவுசெய்து தவிருங்கள். செத்த வீட்டில் பந்தயம் வைப்பதில்லை.

அடுத்தது என் முதன்மையான கோரிக்கை. டோன் ராக்கிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் வாட் தாவோர்ன் வராராம் என்ற பௌத்த ஆலயம் இருக்கிறது. பெயர் தெரியாத ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகள் அதன் வளாகத்தில் ஒரு தூபியின் கீழ் அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றன. மலேசியத் தமிழர்களின் முயற்சியால் 2023இல் அங்கே ஒரு நடுகல்லும் நிறுவப்பட்டது. போரில் விழுந்தவனுக்குக் கல் நடுவது நம் மரபில் மிகப் பழையது. ரயில் பாதையில் விழுந்த கூலிக்காரனுக்கு அது கிடைக்க எண்பது ஆண்டுகள் ஆயின. நம் குழுக்களின் வழித்தடம் இந்தக் கல்லிலிருந்துதான் தொடங்க வேண்டும். பாலம் இரண்டாவதாக வரட்டும். அது எங்கும் போய்விடாது. சுங்கைக் கல்லறைக்குப் போகிறவர்கள் ஆற்றைக் கடந்து குவாய் நொய் ஆற்றின் கரையோரக் கிராமச் சாலைகளில் போனால், நகரச் சந்தடி இல்லாமல் அந்த நாளின் மண்பாதைகளுக்குள் நேராக இறங்கிவிடலாம்.

விடுமுறைக்கு வந்தவர்களைத் துக்கத்தில் உட்காரவைக்க வேண்டுமா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். நான் கேட்பது ஒப்பாரியை அல்ல, அரைமணி நேரத்தை. புறப்படுமுன் ஒவ்வொருவரும் தம் வீட்டுப் பெரியவர்களிடம், சயாமுக்குப் போனவர் யாரேனும் உண்டா என்று ஒரு தொலைபேசி அழைப்பு செய்யட்டும். என்னுடன் முன்பு வந்த எட்டுப் பேரில் மூன்று பேருக்கு அப்படி ஒருவர் இருந்தார் என்பது அங்கே போய் நின்ற பிறகுதான் தெரிந்தது. கிடைக்கும் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து அந்தக் கல்லின் முன் வாசித்தால் போதும்.

பாதுகாப்பு பற்றியும் ஒரு சொல். காஞ்சனபுரியிலிருந்து ‘நாம் தோக்’ என்ற நிலையம் வரை இன்றும் ரயில் ஓடுகிறது. ஆகவே அந்தப் பகுதியில் தண்டவாளத்தின் மேலோ வாங் போ மரப்பாலத்தின் மேலோ வண்டியை உருட்டிப் பார்க்கும் ஆசை எவருக்கும் வர வேண்டாம். பழைய தடத்தைத் தேடுவதெல்லாம் நாம் தோக்குக்கு அப்பால்தான். கரும்பு வெட்டும் மாதங்களில் பாரம் ஏற்றிய லாரிகள் ஊர்ச்சாலைகளை நிறைத்துவிடும் என்பதால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.

நான் ஓட்டிய தடத்தின் ஜிபிஎஸ் கோப்பைக் கேட்கும் குழுக்களுக்கு அனுப்பித் தருகிறேன். நேர அட்டவணை போடும்போது மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: ஆலயத்தில் காலணியைக் கழற்ற வேண்டியிருக்கும். கிளீட் (பெடலில் பூட்டும் கொக்கி) வைத்த ஷூவை இருபது பேர் கழற்றி, மறுபடி மாட்டப் பத்து நிமிடமாவது பிடிக்கும். அந்தப் பத்து நிமிடத்தை அரைமணியிலிருந்து கழிக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஈப்போவிலிருந்து, உங்களைப் போன்ற ஒரு மிதிவண்டிக்காரன்