தேதி குறிக்கும் முன் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளுங்கள்

ஆசிரியர்களுக்கும், விளையாட்டு, இசை, நாடகம் என்று பயிற்சி தருபவர்களுக்கும் வணக்கம்.

படிப்பையும் பார், மற்றதையும் பார், நேரத்தைத் திட்டமிடு என்று மாணவர்களான எங்களிடம் சொல்லாத பெரியவர்களே இல்லை. சரி, திட்டமிடுகிறோம். ஆனால் வியாழக்கிழமை கணக்குத் தேர்வு என்று ஒருவர் திங்கட்கிழமை சொல்கிறார், அதே வியாழன் மாலை அரையிறுதி ஆட்டம் என்று இன்னொருவர் மறுநாள் சொல்கிறார், இருவரும் ஒரே பள்ளியில்தான் இருக்கிறார்கள், ஆனாலும் கேட்டுக்கொள்வதில்லை. நாங்கள் போட்ட அட்டவணை அங்கேயே செத்துப்போகிறது.

நீங்களே கணக்குப் போடுங்கள். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-இல் பரிந்துரைத்தது. குறைந்தபட்சமாக 8 என்றே வைப்போம். பள்ளிக்கு 7, போய்வர 1, குளியல் சாப்பாட்டுக்கு 2, பயிற்சிக்கு 2. மிச்சம் 4 மணி நேரம். படிக்க அது போதும், நிஜமாகவே போதும். சாதாரண நாளில் எந்தச் சிக்கலும் இல்லை. போட்டி நெருங்கப் பயிற்சி இரட்டிப்பாகி, அதே வாரம் தேர்வுகளும் ரெக்கார்டு நோட்டும் சேரும்போதுதான் மாட்டிக்கொள்கிறோம். அப்போது முதலில் போவது தூக்கம். படித்தது மனதில் பதியவே தூக்கம் வேண்டும், அதை விட்டுவிட்டுக் கண்விழித்து என்ன பயன்?

தேர்வுத் தேதியை இரண்டு வாரம் முன்பே சொல்லுங்கள். ஒரே மூச்சில் படிப்பதைவிட இடைவெளி விட்டுப் பல நாள் படிப்பது மனதில் நிற்கும் என்பது நினைவாற்றலை ஆராய்ந்த ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885-இல் எழுதிய காலத்திலிருந்தே தெரிந்த விஷயம். மூன்று நாள் முன்னால் தெரிந்தால் எங்கே இடைவெளி விடுவது?

பயிற்சியாளர்களே, தேர்வு வாரத்தில் பயிற்சியை நிறுத்தச் சொல்லவில்லை, பாதியாக்குங்கள். ஒரு நாள் வராவிட்டால் அணியில் இடமில்லை என்ற மிரட்டல் வேண்டாம்.

அப்புறம், எனக்கு மிகவும் வலிக்கும் விஷயம் ஒன்று: மார்க் குறைந்தால் உடனே அணியை விட்டு எடுத்துவிடுவது. அப்படி மிச்சமாகும் இரண்டு மணி நேரம் படிப்புக்குப் போகும் என்று எப்படி நம்புகிறீர்கள்? பள்ளிக்கு வரவே அந்த ஒன்றுக்காகத்தான் ஆசைப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பாடம் முடியவில்லை என்று விளையாட்டு வகுப்பை வாங்கிக்கொள்வதும் இதே தப்புதான். விளையாட்டும் ஓய்வும் குழந்தைகளின் உரிமை என்று 1989-ஆம் ஆண்டு ஐநா குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவே சொல்கிறது.

எங்கள் பக்கமும் பொறுப்பு உண்டு. நாலைந்து மன்றங்களில் பெயர் கொடுத்துவிட்டு நேரமில்லை என்று புலம்பக் கூடாது, ஒன்றோ இரண்டோ போதும்.

அடுத்த பருவம் தொடங்கும் முதல் வாரத்தில் எல்லோரும் உட்கார்ந்து, தேர்வு, போட்டி, ஆண்டுவிழா ஒத்திகை அத்தனைக்கும் ஒரே காலண்டரில் தேதி குறித்து, எங்கள் கண்ணில் படும்படி மாட்டுங்கள். வகுப்புக்கு ஒரு மாணவரையும் அந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள்.