இரண்டு மணி நேரம் என்று போட்டால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு தங்கள் நாளிதழில் வந்த தூரப் பட்டியலில், புதுச்சேரி – போர்ட் பிளேயர் 1,400 கி.மீ., விமானத்தில் 2 மணி நேரம் என்று போட்டிருந்தீர்கள். இதே கணக்கைப் போன வருடம் செல்போனில் பார்த்து நம்பியவள் நான்.

என் மகளை போர்ட் பிளேயரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். ஊர்ப் பெயர் இப்போது ஸ்ரீ விஜயபுரம். எங்கள் வாயில் பழைய பெயர்தான் வருகிறது. தலைப்பிரசவத்துக்கு இங்கே கடலூருக்கு அழைத்துவர ஆசைப்பட்டோம். அலைய வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "பக்கத்துல புதுச்சேரியிலிருந்து ரெண்டு மணி நேரம்தானே, வலி எடுத்ததும் சொல்லு, வந்துடறேன்" என்று அவளுக்குத் தைரியம் சொல்லியிருந்தேன். குறித்த தேதிக்குப் பத்து நாள் முன்பே ஒருநாள் காலை பத்து மணிக்கு மாப்பிள்ளை போன் செய்தார். டிக்கெட் போட உட்கார்ந்தபோதுதான், புதுச்சேரியிலிருந்து அந்தமானுக்கு விமானமே கிடையாது என்று தெரிந்தது.

லாஸ்பேட்டையில் இருக்கிற புதுச்சேரி விமான நிலையத்தின் ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர்தான். எழுபது பேர் போல உட்காரும் ஏடிஆர் என்கிற சின்ன விமானம் இறங்கும். சென்னையிலிருந்து அந்தமான் போகிற பெரிய ஜெட் இறங்க முடியாது. ஓடுபாதையை நீட்டத் தமிழ்நாட்டுப் பக்கம் நிலம் வேண்டும், அது பல வருடமாகப் பேச்சிலேயே இருக்கிறது. இருந்த சேவையும் 2024 மார்ச்சில் நின்றுபோய், அந்த டிசம்பரில்தான் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் மறுபடி வந்தது. சரி, பெங்களூர் போய் மாறலாம் என்று பார்த்தால், கிழக்கே போக வேண்டியவள் மேற்கே போய்த் திரும்பி 1,900 கி.மீ. பறக்க வேண்டும். அன்று பார்த்த டிக்கெட்டில் ராத்திரி பெங்களூரிலேயே தங்கும்படியும் இருந்தது.

உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நேர்கோடு போட்டால் 1,400 கி.மீ. வருகிறது. அதை ஜெட் வேகத்தால் வகுத்தால் 2 மணி நேரம். கணக்கில் தப்பில்லை. அந்தக் கோட்டில் பறக்க விமானம்தான் இல்லை.

கிளறி வைத்திருந்த லேகியத்தை டப்பாவில் அடைத்துக்கொண்டு ராத்திரி பஸ் ஏறினேன். கடலூரிலிருந்து மீனம்பாக்கம் 170 கி.மீ. போல வரும். கவுன்ட்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள் என்ற பயத்தில் மூன்றரைக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். விடியற்காலை விமானம், இரண்டேகால் மணி நேரம் பறந்தது. வீட்டு வாசலிலிருந்து ஆஸ்பத்திரிப் படி வரை கிட்டத்தட்ட பதினொரு மணி நேரம். பேரன் முந்தின நாள் சாயங்காலமே பிறந்துவிட்டான். "அம்மா, ரெண்டு மணி நேரம்னு சொன்னியே" என்றாள் மகள். அந்தக் குரல் இன்னும் காதிலேயே இருக்கிறது.

அங்கே நம் ஊரைவிட ஐம்பது நிமிடம் முன்னாடியே விடிகிறது, கடிகாரம் மட்டும் ஒன்று. அவ்வளவு தூரத்தில் பிள்ளைகளைக் கொடுத்திருக்கிற குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய. அடுத்த முறை இப்படிப் பட்டியல் போடும்போது, நேரடி விமானம் உண்டா, இல்லையென்றால் எங்கே மாற வேண்டும், வீட்டிலிருந்து கிளம்பினால் மொத்தம் எத்தனை மணி நேரம் என்பதையும் பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.