ழோரெஸ் பிறந்த இடம் கார்மோ

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் பிரெஞ்சு சோசலிஸ்ட் தலைவர் ழான் ழோரெஸ் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 1914 ஜூலை 31 இரவு, பாரிஸ் உணவகத்தில் திறந்திருந்த ஜன்னல் வழியாக அவரைச் சுட்டுக் கொன்றதும், மூன்றே நாளில் ஜெர்மனி பிரான்ஸ்மீது போர் அறிவித்ததும் விரிவாக வந்திருந்தன. ஆனால் அவர் எப்படி சோசலிஸ்ட் ஆனார் என்பதற்கு இரண்டு வரிகூட இல்லை. எனக்கு மனசு ஆறவில்லை.

1885இல் முதன்முதலாக நாடாளுமன்றம் போனபோது அவர் மிதவாதக் குடியரசுவாதி; தத்துவம் சொல்லிக்கொடுத்த வாத்தியார். ஊர்க்கணக்கில் அவர் காஸ்த்ரில் பிறந்தவர். சோசலிஸ்டாகப் பிறந்தது கார்மோ என்ற நிலக்கரி ஊரில் என்றுதான் நான் சொல்வேன். 1892இல் அங்கே கால்வின்யாக் என்ற சுரங்கத் தொழிலாளியை மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள். மேயர் வேலை பார்க்கப் போனவர் சுரங்கத்துக்கு வரவில்லை என்று கம்பெனி அவரை வேலையை விட்டு நீக்கியது. அப்படியானால் எங்கள் ஓட்டுக்கு என்ன மதிப்பு என்று ஊரே வேலைநிறுத்தத்தில் இறங்கியது. ராணுவம் வந்தது. துலூஸ் பத்திரிகையில் ழோரெஸ் அவர்களுக்காக எழுதினார். கடைசியில் கால்வின்யாக்கை மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள். கம்பெனிக்காரரான சோலாஜ் பிரபு எம்.பி. பதவியை விட்டார், 1893 ஜனவரியில் அந்த இடத்துக்குத் தொழிலாளர்கள் அனுப்பியது ழோரெஸை.

அப்புறம் 1895. கார்மோ கண்ணாடி ஆலையில் சங்கப் பிரதிநிதிகள் இருவரை நீக்கியதில் தொடங்கிய போராட்டம் தோற்றது. ஆனால் தொழிலாளர்கள் சும்மா இருக்கவில்லை. நாடு முழுக்க நிதி திரட்டி, பக்கத்து அல்பியில் சொந்தமாக ஆலை கட்டினார்கள். நெருப்பின் முன் நின்று குழலில் ஊதி ஊதிப் பாட்டில் செய்த அதே ஆட்கள் கட்டட வேலையும் பார்த்தார்கள். 1896இல் ஆலை திறந்தபோது ழோரெஸ் கூட இருந்தார்.

ழோரெஸைச் சுட்ட வில்லேன் என்பவன் 1919இல் விடுதலையானதைக் கட்டுரை சொல்கிறது. வழக்குச் செலவை ழோரெஸின் மனைவி தலையில் கட்டியதைச் சொல்லவில்லை. அவர்களின் ஒரே மகனோ 1918இல் போர்முனையில் மாண்டிருந்தான்.

1924இல் ழோரெஸின் உடலை, நாட்டின் பெரியவர்களை அடக்கம் செய்யும் பாரிஸ் மண்டபமான பாந்தியோனுக்குக் கொண்டுபோனபோது கார்மோ சுரங்கத் தொழிலாளர்களும் உடன் சென்றார்கள். அவர்களைப் பற்றியும் ஒரு கட்டுரை வெளியிடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
தஞ்சாவூர்