தம்பிக்கு, ட்ரக் வராத கிழமையில எழுதுறது

அன்புள்ள தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில கதைக்கேக்கயே உன்ர குரல் எனக்குப் பிடிபட்டுட்டுது. அம்மா பக்கத்தில நிண்டதால நானும் வடிவாக் கேக்கேல்ல, நீயும் "ஒண்டுமில்லை அப்பா, கராஜுக்கு டூல்ஸ் விக்க வாற ட்ரக்காரன் அஞ்சு கிழமையா வரேல்ல, அவ்வளவுதான்" எண்டு சொல்லிப்போட்டு எட்மன்ரன் குளிரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிட்டாய். பிறகு ராத்திரி படுக்கப் போனா நித்திரை வரேல்ல. நட்டு முறுக்கிற உன்ர ராட்செட்டும், முறுக்கை அளக்கிற டோர்க் ரெஞ்சும் திருத்தக் குடுத்தபடி அவன்ர கையில, அவன் எங்கை எண்டு தெரியாது, ஆனா டூல்ஸ் பெட்டிக்கு எடுத்த கடன்காசு மட்டும் கிழமைக்குக் கிழமை பாங்கால கழிஞ்சுகொண்டிருக்கு எண்டா அது ஒண்டுமில்லாத விசயமே இல்லை ராசா. கராஜில பக்கத்துக் காரில வேலை செய்யிற வெள்ளைக்காரப் பெடியனிட்டைக் கேட்டுக் கேட்டு டூல் எடுக்கிறன், எனக்கே வெக்கமா இருக்கு எண்டு சொன்னாய். அந்த ஒரு வசனம்தான் என்னை எழுப்பி இருத்தி எழுத வைச்சது.

நான் கனடாவுக்கு வந்து ரொறன்ரோ ஸ்காபரோவில முதல் வேலைக்குப் போன நாள் இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. ஊரில நான் வேலை பழகின கராஜில டூல்ஸ் எண்டா முதலாளியின்ர. ஒரு ரிங் ஸ்பானர் செட், ஒரு பெரிய குறடு, ரெண்டு சுத்தியல், அதை நாலு பேர் மாறி மாறிப் பாவிப்பம். சண்டையால பெற்றோல் தடையா இருந்த 90களில ஏ40 காரையும் மொறிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில ஓட வைச்சது அந்த நாலு சாமானை வைச்சுத்தான், ஸ்டார்ட் பண்ணுறதுக்கு மட்டும் காபரேற்றருக்குள்ள நாலு சொட்டுப் பெற்றோல் விடுறது. இஞ்சை வந்து முதல் நாள் பொஸ் கேட்டான், உன்ர டூல்ஸ் எங்கை எண்டு. எனக்கு விளங்கேல்ல. வேலைக்காரன் தன்ர சொந்தக் காசில ஆயிரக்கணக்கில குடுத்து டூல்ஸ் வாங்கிக்கொண்டுதான் வேலைக்கு வரவேணும் எண்ட விசயம் எனக்கு அண்டைக்குத்தான் தெரிஞ்சது. இந்த ட்ரக்குகள் எல்லாம் ஓடுறதே அதாலதான். கடைக்குப் போக நேரமில்லாத மெக்கானிக்குக்குக் கடையே வாசலுக்கு வருது, கையில காசில்லாத மெக்கானிக்குக்குக் கடனும் சேந்து வருது.

நீ முதல் விளங்க வேண்டியது, உந்த ட்ரக்கில வாறவன் கொம்பனிக்காரன் இல்லை. ட்ரக்கில பெரிய எழுத்தில கொம்பனிப் பேர் இருக்கும், அவன்ர சேட்டிலயும் இருக்கும், ஆனா அவன் பிரான்சைஸ் எடுத்த தனி வியாபாரி. ஸ்னாப்-ஒன், மாட்கோ, மாக் எண்டு எந்தப் பேரைப் பாத்தாலும் பொதுவா இதுதான் முறை. ட்ரக் அவன்ர கடன், உள்ளுக்கு அடுக்கியிருக்கிற சாமான் அவன் கொம்பனியிட்டை விலை குடுத்து வாங்கினது, போற கராஜுகளின்ர லிஸ்ட் அவனுக்கெண்டு ஒதுக்கினது. நீ கிழமைக்கு 30, 40 டொலர் எண்டு வட்டியில்லாமக் குடுக்கிற கணக்கு இருக்கே, அது அவன்ர சொந்தக் காசு வெளியில நிக்கிறது, ட்ரக் அக்கவுண்ட் எண்டு சொல்லுறது அதைத்தான். ஆனா உன்ர பெரிய பெட்டி அப்பிடியில்லை, நீ சொன்னதைப் பாத்தா அது கொம்பனியின்ர பைனான்ஸ் பகுதியோட நீ கையெழுத்து வைச்ச கடன், அதுக்கு வட்டி இருக்கு, ட்ரக்காரன் வந்தாலும் வராட்டிலும் செத்தாலும் பிழைச்சாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். இந்த ரெண்டு கணக்கையும் ஒண்டாப் போட்டுக் குழப்பாதை. கோவத்தில பெட்டிக்காசை நிப்பாட்டிப் போடாதை, அது உன்ர கிரெடிட்டைத்தான் கெடுக்கும், ட்ரக்காரனுக்கு ஒரு நோவும் வராது.

நான் ஏன் இவ்வளவு சொல்லுறன் எண்டா, எனக்கு நடந்ததை நான் உனக்கு ஒருநாளும் சொல்லேல்ல. நீ அப்ப மூண்டு வயசு. எங்கட கராஜுக்குப் புதன்கிழமைகளில ஒருத்தன் வருவான், எந்தக் கொம்பனி எண்டு சொல்லேல்ல, அது இப்ப தேவையுமில்லை. நல்லாக் கதைப்பான். உன்ர பேர் அவனுக்குத் தெரியும், உன்ர பிறந்தநாளுக்குச் சின்ன ஒரு ட்ரக் பொம்மை கொண்டுவந்து தந்தவன், நீ அதைக் கட்டிலுக்குள்ள வைச்சுக்கொண்டு படுக்கிறனி. நான் அவனுக்குக் கிழமைக்கு 40 டொலர் காசாக் குடுத்தன், அவன் தன்ர புத்தகத்தில எழுதுவான், நான் எதிலயும் எழுதேல்ல. ரசீது கேட்டா அவன் குறைவா நினைப்பான் எண்டு நான் கேக்கவுமில்லை. எனக்கு இங்கிலீஷும் அப்ப மட்டு, மற்றவங்கள் சிரிச்சுப் பகிடிவிட்டுக்கொண்டு ட்ரக்குக்குள்ள நிக்கேக்க நான் மட்டும் ரசீது தா எண்டு நிக்க விருப்பமில்லாமப் போச்சு. என்ர எயார் இம்பாக்ட், காத்தில ஓடி நட்டுக் கழட்டுற மிஷின், பழுதாப் போச்சு, திருத்தக் குடுத்தன். அடுத்த புதன் வரேல்ல. அதுக்கு அடுத்ததும் வரேல்ல. போன் அடிச்சா மெசேஜ் பெட்டி நிரம்பிட்டுது எண்டு சொல்லுது. ரெண்டு மாசத்தால வேற ஒரு மனிசன் அதே பேர் போட்ட ட்ரக்கில ஒரு லிஸ்டோட வாறான், அதில என்ர பேருக்கு நேர 1,140 டொலர். என்ர கணக்குக்கு மிச்சம் 380தான். 19 கிழமை நான் குடுத்த காசு அந்தப் புத்தகத்தில ஏறவேயில்லை.

அந்தப் புது மனிசனில பிழை இல்லை தம்பி, அவன் அந்தக் கடன் லிஸ்டையும் சேத்துக் காசு குடுத்து வாங்கித்தான் வந்தவன். கடைசியில 760இல பாதியை அவன் விட்டான், மற்றப் பாதியை நான் ரெண்டாந்தரம் கட்டினன். இம்பாக்ட் போனது போனதுதான், குடுத்ததுக்கு ஒரு துண்டும் இல்லை என்னட்டை. அம்மாவுக்கு நான் சொல்லேல்ல. அவ அந்தக் குளிருக்குள்ள பக்டறியில ராவேலை செய்து குருவி மாதிரிச் சேத்த காசு, பாங்க் புத்தகத்தில இடிக்குது எண்டு அவவே கண்டுபிடிச்சுக் கேட்டா. கேட்டுப்போட்டு ஒரு சொல்லும் சொல்லாமக் குசினிக்குள்ள போனா. அண்டையில இருந்துதான் நான் கொப்பி வைச்சது.

அந்தக் கொப்பியை நீ கண்டிருப்பாய், டொலர் கடையில வாங்கின பள்ளிக்கூடக் கொப்பி, மட்டை முழுக்க எண்ணெய்க்கை பட்டுக் கறுத்துப்போய், பெட்டியின்ர மேல் லாச்சியில கிடக்கும். ஒவ்வொரு கிழமையும் திகதி, குடுத்த காசு, மிச்சம், பிறகு அவன்ர கையாலேயே ஒரு சின்னக் கையெழுத்து. பழுதானா கொம்பனி மாத்தித் தாற வறண்டிக்குக் குடுத்தா சாமானின்ர நம்பர், என்ன பழுது, எண்டைக்குக் குடுத்தது. முதல் தரம் நீட்டேக்க எனக்குக் கை கூசினது உண்மை. ஆனா நல்ல ட்ரக்காரன் அதுக்குக் கோவிக்கவே மாட்டான். பிறகு 11 வருசம் ஒருத்தர் செவ்வாய் செவ்வாயா வந்தவர், பனி கொட்டினாலும் பத்தரைக்கு வாசலில ஹோர்ண் கேக்கும், அவர் முதல் நாளே கொப்பியைப் பாத்துப்போட்டு நீ சொல்லுறது சரி எண்டு சொல்லிக் கையெழுத்து வைச்சவர். ரிட்டையர் ஆகேக்க அடுத்தாளையும் கூட்டிக்கொண்டு ஒவ்வொருத்தர் வேலை செய்யிற இடமா வந்து, ரெண்டு பேருக்கும் முன்னால மிச்சத்தை வாசிச்சு, சரிதானே எண்டு கேட்டுப்போட்டுத்தான் போனவர். அப்பிடி மனிசரும் இருக்கினம், அதையும் நீ மனசில வைச்சிரு. ட்ரக் தொழில் லேசானதில்லை, மெக்கானிக்மாரும் கடனை வைச்சிட்டு வேற கராஜுக்கு ஓடிப்போறவங்கள், அந்த நட்டம் முழுக்க ட்ரக்காரன்ர தலையில, கொம்பனிக்கு அவன் கட்டவேண்டியது கட்டித்தான் ஆகவேணும். உன்ர ஆளும் அப்பிடி முறிஞ்சு போயிருக்கலாம். எண்டாலும் உன்ர சாமான் உன்ர சாமான்தான்.

இனி இப்ப என்ன செய்யிறது எண்டதுக்கு வாறன். நாளைக்கே கொம்பனியின்ர கஸ்டமர் சேர்விசுக்கு அடி, உன்ர கராஜின்ர விலாசத்தைச் சொல்லி இந்த றூட்டுக்கு இப்ப ஆள் இருக்கோ எண்டு கேள், அந்தப் பகுதிக்குப் பொறுப்பான மனேஜரின்ர பேரையும் போன் நம்பரையும் கேள், யாரோட எத்தினை மணிக்குக் கதைச்சனி எண்டு எழுதி வை. கைச்சாமானுக்குக் குடுக்கிற வறண்டி கொம்பனியின்ர வாக்கு, அந்த ஒரு ட்ரக்காரன்ர வாக்கு இல்லை. பக்கத்து றூட்டில வாறவனிட்டையும் கேட்டுப் பார், தன்னட்டை வாங்காத சாமான் எண்டு சிலபேர் முகத்தைச் சுழிப்பினம், ஆனா நேராப் போய் மரியாதையாக் கேட்டா செய்து தாறவையும் இருக்கினம். ராட்செட் எண்டது உண்மையில பத்து நிமிச வேலை அப்பன். நீ சொன்னது பாரம் குடுக்கேக்க நழுவுது எண்டுதானே, உள்ளுக்கு இருக்கிற கொளுக்கியின்ர பல்லு மழுங்கிட்டுது, அவ்வளவுதான். பின் மூடியைக் கழட்டி, பழைய கிறீசைத் துடைச்சு, திருத்துறதுக்கெண்டு விக்கிற கிட்டில வாற புதுச் சில்லையும் கொளுக்கியையும் ஸ்பிரிங்கையும் வைச்சு, மெல்லிசா எண்ணெய் விட்டு மூடினா டிக் டிக் எண்டு திரும்பக் கேக்கும். நல்ல ட்ரக்காரன் அந்தக் கிட்டை ட்ரக்கிலயே வைச்சிருந்து உனக்கு முன்னாலயே மாத்தித் தருவான். கொண்டுபோறன், அடுத்த கிழமை தாறன் எண்டு ராட்செட்டோட போறவனை இனி விடாதை, போறதெண்டா அதுக்குப் பதிலா ஒண்டைத் தந்திட்டுப் போகச் சொல். நழுவுற ராட்செட்டோட மட்டும் இழுவை போடாதை, என்ர வலக்கை மொளியில இருக்கிற வடு அப்பிடி வந்ததுதான்.

டோர்க் ரெஞ்ச் வேற கதை. சீவிய வறண்டி எண்டு அவங்கள் வாயால சொன்னாலும், அளக்கிற சாமானுக்கும் கரண்ட் சாமானுக்கும் பொதுவா அது இல்லை, ஒரு வருசம் அப்பிடி ஏதும்தான் இருக்கும். வாங்கின திகதிக்கு ரசீது இல்லையெண்டா கதைக்கவே ஏலாது. வரிக்கும் அந்த ரசீது தேவை, தொழிலாளியின்ர டூல்ஸுக்குக் கழிக்கிற உச்சம் 500 டொலரா இருந்தது 2023இல இருந்து 1,000 ஆக்கியிருக்கு, பழகுநர் மெக்கானிக்குக்கு அதுக்கு மேலயும் ஒரு கழிவு இருக்கு, பொஸ்ஸிட்டை டி2200 படிவத்தில கையெழுத்து வாங்கி வை. ட்ரக்காரனுக்குக் கையில காசு குடுக்காதை, ஈ-ட்ரான்ஸ்ஃபர் போடு, பாங்கே உனக்குக் கணக்கு எழுதித் தரும்.

வறண்டி எண்ட சொல்லில மட்டும் மயங்காதை தம்பி. சியர்ஸ் கடையில வாங்கின கிராவ்ட்ஸ்மன் சாக்கெட்டுகள், ராட்செட்டில கொழுவி நட்டைப் பிடிக்கிற குழாய்கள், என்னட்டை ஒரு லாச்சி நிறைய இருக்கு, உடைஞ்சா கடைக்குப் போய்க் குடுத்தா கேள்வியில்லாமப் புதுசு தருவாங்கள் எண்டு நம்பி வாங்கினது. 2018 ஜனவரியோட கனடாவில சியர்ஸ் கடையெல்லாம் பூட்டுப்பட்டுது. பேரை வேற கொம்பனி வாங்கி வைச்சிருக்கு, ஆனா நான் நடந்து போய் நீட்டுறதுக்கு அந்தக் கவுண்டர் இல்லை. கனேடியன் டயர் கடையில மாஸ்டர்கிராவ்ட் டூல்ஸ் வாங்கினா விலை எத்தினையோ மடங்கு குறைவு, சனிக்கிழமையும் கடை திறந்திருக்கும், உடைஞ்சா அண்டைக்கே மாத்தலாம். மூண்டு மாசத்துக்கு ஒருக்கா எடுக்கிற சாமானுக்கு அது தாராளம். ஒவ்வொரு நாளும் கையில இருக்கிறதை, வழுக்கினா போல்டின்ர தலை உரிஞ்சுபோற இடத்துக்குத் தேவையானதை மட்டும் ட்ரக்கில வாங்கு. ஸ்னாப்-ஒன் 1920இல தொடங்கேக்க அஞ்சு கைப்பிடி, பத்து சாக்கெட், அம்பது ரெஞ்சின்ர வேலை எண்டு சொல்லித்தான் வித்தவங்கள். இப்ப ட்ரக்குக்குள்ள ஏறினா அந்த மினுமினுப்பில அஞ்சும் பத்தும் ஆருக்கு ஞாபகம் வரும், எனக்கும் வரேல்ல. ஃப்ளாட் ரேட்டில, முடிச்ச வேலைக்கு மட்டும் சம்பளம் எண்டு, வேலை செய்யிறவன் ட்ரக்குக்குள்ள நிக்கிற அரைமணித்தியாலத்துக்கு ஆரும் சம்பளம் தாறதும் இல்லை.

பெட்டியைப் பற்றி நான் உன்னைப் பேச மாட்டன். ரெண்டாம் வருசம் வேலை பழகிற பெடியனுக்கு அவ்வளவு பெரிய பெட்டி தேவையோ எண்டு மனசுக்குள்ள இருந்தது உண்மை, ஆனா நீ உழைச்சு வாங்கினது, படம் எடுத்து அனுப்பேக்க நீ எவ்வளவு சந்தோசமா இருந்தனி எண்டு எனக்குத் தெரியும். அந்தக் கடன் எவ்வளவு மிச்சம், வட்டி எத்தினை வீதம், முந்திக் கட்டினா தண்டம் இருக்கோ, இந்த மூண்டையும் பைனான்ஸ்காரனிட்டைக் கேட்டு எனக்கு எழுதி அனுப்பு. நானும் அம்மாவும் பாக்கிறம். அம்மாவுக்கு இந்தத் தரம் நான் எல்லாத்தையும் சொல்லிட்டன், ஒளிக்கேல்ல. அவ உடன சொன்னது, பிள்ளை மற்றவனிட்டைக் கேட்டுக்கொண்டு நிக்கிறானாம், உங்கட ராட்செட்டை அனுப்புங்கோ எண்டுதான்.

அதால என்ர 3/8 இஞ்சி ராட்செட்டைக் கழுவி, கிட் மாத்தி, இண்டைக்கு எக்ஸ்பிரஸ்போஸ்டில போட்டிருக்கிறன். இப்ப எனக்கு ப்ரேக் வேலையும் எண்ணெய் மாத்துறதும்தான், அரை இஞ்சி காணும். பாசலுக்குள்ள ஒரு புதுக் கொப்பியும் இருக்கு. முதல் பக்கத்தில அவன் கொண்டுபோன ரெண்டு சாமானையும், கொண்டுபோன திகதியையும் நீயே எழுது. வியாழக்கிழமைதானே அவன்ர நாள், வந்தா வந்தது எண்டும் வராட்டி வரேல்ல எண்டும் எனக்கு ஒரு மெசேஜ் போடு. உங்கட நேரம் எங்களுக்கு ரெண்டு மணித்தியாலம் பிந்தி, பரவாயில்லை, நான் முழிச்சிருப்பன்.

அப்பா