ஊர்னு ஒரு ஊர்

மாப்ள,

நல்லா இருக்கியா. உன் மெயில் வந்து மூணு வாரமாச்சு, பதில் போடலன்னு கோவிச்சுக்காத. அம்மாவுக்கு ரெண்டாவது கண்ணும் ஆபரேஷன் முடிஞ்சு ஒரு நாளைக்கு நாலு வேளை சொட்டு மருந்து ஊத்திட்டு இருக்கேன், அதுக்கு நடுவுல வீட்டுல களிமண் கூத்து வேற. உன் பையனுக்கு காலேஜ் சீட் கிடைச்சதுல ரொம்ப சந்தோஷம். அவன் கேட்ட கோர்ஸா, நீ கேட்ட கோர்ஸான்னு மட்டும் அடுத்த மெயில்ல எழுது.

களிமண் கூத்துன்னு சொன்னேன்ல. லீவுக்கு தங்கச்சி பிள்ளைங்க ரெண்டும் வந்துச்சு, தெருப் பிள்ளைங்களையும் சேர்த்தா ஒன்பது உருப்படி, எல்லாம் போனும் கையுமா திண்ணைல உக்காந்திருக்கு, நான் ரிட்டயர் ஆகி சும்மா கிடக்கேன்ல, என் தலையில கட்டிட்டாங்க. பழைய காலத்துக் கதை சொல்லுவோம்னு கீழடில ஆரம்பிச்சேன். "ஸ்கூல்லயே கூட்டிட்டுப் போய்ட்டாங்க மாமா, நான் பஸ்ல வாந்தி எடுத்தேன்"னு ஒருத்தன் அத்தோட முடிச்சுட்டான். சரிடான்னு இன்னும் தூரமா கிளம்பி ஈராக்கோட தெற்குப் பக்கம் போய்ட்டேன், டைகிரிஸ் யூப்ரடீஸ் ரெண்டு ஆத்துக்கும் நடுவுல இருந்த சுமேரியாவுக்கு. அங்க ஒரு நகரத்துக்குப் பேரே ஊர். "எந்த ஊர் மாமா?" "ஊர்தான்டா." "அதான் எந்த ஊரு?" பத்து நிமிஷம் இதுலயே போச்சு. (உடனே நீ வாட்ஸ்அப்ல வர்ற 'சுமேரியர்கள் தமிழர்களே' மெசேஜை எனக்கு ஃபார்வர்ட் பண்ணாத. சுமேரிய மொழி எந்த மொழிக் குடும்பத்துலயும் சேராத தனி மொழி, பேர் ஒத்துப் போறது சும்மா தற்செயல்.)

ராஜா, போர், கோபுரம்னு ஆரம்பிச்சா போனைத்தான் பாக்கும்னு தெரியும். அதனால நேரா மண்ணைக் குடுத்துட்டேன். மானாமதுரைல மண்ணுக்கா பஞ்சம், கடம் செய்யுற வீட்டுல சொன்னா பிசைஞ்ச மண்ணே ஒரு சாக்கு குடுத்தாங்க. ஆளாளுக்கு வில்லை செய்யச் சொன்னேன். சின்னக் கூம்பு செஞ்சா தானியம், வட்டத் தட்டுல கூட்டல் குறி கீறுனா ஆடு. நெசமாவே அவங்க வச்சிருந்ததும் இப்படித்தான், இந்த மாதிரி மண் வில்லைங்க மேற்கு ஆசியாவுல கி.மு. 8000 வாக்குலருந்தே கிடைக்குது.

அப்புறம் விளையாட்டு. ஒருத்தன் மொதலாளி, ஒருத்தன் மேய்க்கிறவன். ஏழு ஆட்டை ஓட்டிட்டுப் போறான், கூடவே கணக்குக்கு ஏழு வில்லை. திரும்பி வரும்போது அஞ்சு ஆடு, அஞ்சு வில்லை, ரெண்டை டவுசர் பாக்கெட்ல போட்டுட்டான் திருட்டுப் பய. அடிதடி. எப்படித் தடுக்கிறதுன்னு கேட்டேன். போட்டோ எடுத்து வைக்கலாம்னு ஒண்ணு சொல்லுச்சு, போன் கிடையாதுன்னேன். கடைசில வில்லைங்கள உள்ள வச்சு மண் உருண்டையா மூடிரலாம்னு வந்துச்சு, இதுல பாதி நான் எடுத்துக் குடுத்ததுதான், பொய் சொல்ல மாட்டேன். மூடியாச்சு. இப்ப உள்ள எத்தனை இருக்குன்னு உடைக்காம எப்படிப் பாக்குறது? மூடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வில்லையையும் ஈர உருண்டை மேல அமுக்கி அச்சு எடுத்துக்கிட்டாங்க. எல்லாம் கை தட்டுது. தங்கச்சியோட சின்னது, எட்டு வயசு, உருண்டையத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டுக் கேக்குறா, "வெளியவே ஏழு தெரியுதுல்ல மாமா, அப்புறம் உள்ள எதுக்கு?"

எனக்குப் புல்லரிச்சுப் போச்சுடா. உள்ள எதுக்கு! உள்ள இருக்கறதைத் தூக்கிப் போட்டுட்டு உருண்டையத் தட்டையாக்கினா அதுதான் எழுதுற பலகை. டெனிஸ் ஷ்மாண்ட்-பெஸராட்னு ஒரு ஆராய்ச்சியாளர் அம்மா எழுத்து பிறந்த கதைன்னு சொன்னதே இதுதான், அதுல ஒவ்வொரு படியையும் எல்லாரும் ஒத்துக்கிறதில்ல, அது வேற. ஆனா சுமேரியாவுல உருக்னு இன்னொரு நகரத்துல கி.மு. 3200 பக்கம் எழுதின பலகைங்களை எடுத்துப் பாரு, பெரும்பாலும் கணக்குதான், இத்தனை ஆடு, இத்தனை வாற்கோதுமை. ஒரு பலகைல 29,086 அளவு வாற்கோதுமை, 37 மாசம், 'குஷிம்'னு இருக்கு. அது ஆளோட பேரா பதவியோட பேரான்னு இன்னும் தீரல. அந்த வாற்கோதுமை பீர் காய்ச்சத்தான், பிள்ளைங்ககிட்ட கஞ்சித்தண்ணின்னு மழுப்பிட்டேன்.

முப்பது வருஷம் அரிசி மில்லுல பேரேடு எழுதினவனை கணக்கப்பிள்ளை கணக்கப்பிள்ளைன்னு கேலி பண்ணுவியே, இப்பப் பாத்தியா, எழுத்தை ஆரம்பிச்சு வச்சதே எங்க ஆளுங்கதான். உன்னை மாதிரி கவிதை எழுதுறவங்க எல்லாம் பின்னாடிதான் வந்து ஒட்டிக்கிட்டீங்க. பேர் தெரிஞ்ச முதல் கவிஞரே கி.மு. 2300 பக்கம்தான், என்ஹெடுவான்னான்னு ஊர் நகரத்துக் கோயில்ல தலைமைப் பூசாரியா இருந்த அம்மா, பேரரசன் சர்கோனோட பொண்ணு. அவங்க எழுதினது நீ ஹாஸ்டல்ல எழுதினதை விட நல்லாவே இருக்கும்னு நினைக்கிறேன்.

எழுதுறதுக்கு ஐஸ் குச்சியக் குறுக்க வெட்டிக் குடுத்தேன், அவங்களுக்கு நாணல். குச்சியோட மூலையச் சாய்ச்சு அமுக்கினா ஆணித்தலை மாதிரி ஒரு முக்கோணப் பள்ளம், அதான் ஆப்பெழுத்து. அவசரப்பட்டு மொட்டை மாடி வெயில்ல வச்சதெல்லாம் வெடிச்சுப் போச்சு, நிழல்ல வச்சது பிழைச்சுது. ஒண்ணு ரெண்டை விறகடுப்புல போட்டு எடுத்தோம், கல்லு மாதிரி ஆயிருச்சு. வடக்கு ஈராக்குல இருந்த நினிவே நகரத்துல, அசிரிய ராஜா அசூர்பானிபாலோட நூலகம் கி.மு. 612ல எரிஞ்சப்ப பலகைங்க வெந்து இறுகி இன்னும் கெட்டியாச்சு. நம்ம ஓலைச்சுவடில தீப்பிடிச்சா என்ன மிஞ்சும் சொல்லு.

நாம பத்து பத்தா எண்ணுற மாதிரி சுமேரியர்கள் அறுபது அறுபதா எண்ணுவாங்க, அந்த 60 கணக்கு சொல்லித் தர்றப்ப அம்மாதான் வாத்தியார். கண்ணுல கறுப்புக் கண்ணாடியோட உக்காந்துக்கிட்டு, கட்டை விரலால மத்த நாலு விரலோட கணுவைத் தொட்டுக் காட்டுனாங்க, பன்னெண்டு. ஒவ்வொரு பன்னெண்டுக்கும் இன்னொரு கைல ஒரு விரலை மடக்கு, அறுபது. சுமேரியர்களோட 60ம் இப்படி வந்திருக்கலாம்னு சிலர் சொல்றாங்க. அறுபது கடலை மிட்டாயை வாங்கி மூணு பேருக்கு, நாலு பேருக்கு, அஞ்சு பேருக்கு, ஆறு பேருக்குப் பங்கு போடச் சொன்னேன், எதுலயும் மிச்சம் விழல. மணிக்கு 60 நிமிஷம்னு கடிகாரத்துல இன்னும் ஓடுறது அந்தக் கணக்குதான்னதும் எல்லாம் சுவர்க் கடிகாரத்தைப் பாத்துச்சு. அது நின்னு போய் நாலு மாசமாச்சு.

உனக்கும் ஒரு சேதி இருக்கு. நீ பிழைக்கப் போன பஹ்ரைன்தான் அப்ப தில்முன். கி.மு. 1750 வாக்குல ஊர் நகரத்துல ஏஆ-நாசிர்னு ஒரு வியாபாரி, தில்முனுக்குப் போய் செம்பு வாங்கிட்டு வந்து விக்கிறவன். மட்டமான சரக்கைக் குடுத்துட்டு, கேக்க வந்த ஆளையும் மரியாதை இல்லாமத் திருப்பி அனுப்பிட்டான்னு நன்னிங்கிறவர் ஒரு பலகை நிறையக் காய்ச்சி எடுத்திருக்காரு, அந்தப் பலகை இப்ப பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. இதைக் கேட்டுட்டு பிள்ளைங்க எல்லாம் ஆளுக்கொரு புகார் எழுதினாங்க. ஒண்ணு என் மேலதான், மிட்டாய் பத்தலையாம்.

நம்ம சிந்துவெளிப் பாசிமணியும் தில்முன் கடல் வழியாத்தான் ஊர் நகரத்துக்குப் போயிருக்கணும், அங்க அரச கல்லறைங்கள்ல கிடைச்சிருக்கு. மனாமா மியூசியத்துல வட்டமா தில்முன் முத்திரைங்க இருக்கும், ஒரு வெள்ளிக்கிழமை போய் கிட்டத்துல வச்சு போட்டோ எடுத்து அனுப்புடா, அடுத்து முத்திரை செய்யலாம்னு பிள்ளைங்களுக்கு வாக்குக் குடுத்துட்டேன். ஆனா வீட்டுக்குள்ள இல்ல, முற்றத்துலதான். கை கழுவின மண்ணெல்லாம் சிங்க்ல அடைச்சு பிளம்பர் 400 ரூபாய் வாங்கிட்டுப் போனாரு, உன் தங்கச்சி இன்னும் என்கூட சரியாப் பேசல.

அம்மா உன்னைக் கேட்டாங்க. லீவு எப்பன்னு எழுது.

உன்
கணக்கப்பிள்ளை